அண்ணியின் வலது கண்

1

இந்தக் கதை கண் மருத்துவரின் அறை வாசலில் பிறந்தது. பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே அவர் அண்ணியைத் திட்டிக்கொண்டிருந்தார். வெளியே நான் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இருபத்திரண்டு வருஷமா தினமும் பதினாறு மணி நேரம் கான்டாக்ட் லென்ஸ். கருவிழிக்குக் காத்தே போகலம்மா. அதான் ரத்தக்குழாய் உள்ள வளருது. மூணு மாசம் தொடாதீங்க. இன்னொரு தடவ புண்ணு வந்தா வலது கண்ணு பார்வையே போயிடலாம்."

2

முதல் வரி: "பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அவர், தன்னைப் பார்க்க—"

வேண்டாம். இந்தத் தத்துவம் யாருக்கு வேண்டும்?

அண்ணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப். மூக்குக்கண்ணாடி போட்டால் அதில் இடிக்கிறதாம்.

(இதை அடிக்குறிப்பாகப் போடலாம்: லென்ஸ் டப்பாவில் பழைய திரவத்தைக் கொட்டாமல், அதன் மேலேயே புதிதை ஊற்றுவார். கூடத்தில் வேறு யாராவது இப்படிச் செய்தால் தோலை உரித்துவிடுவார்.)

3

கிருமியைத் தேடுவதே பிழைப்பாக இருப்பவர் இப்படியா? பாத்திரம் ஒட்டவில்லையே என்று எனக்கே சந்தேகம்.

"அந்த டப்பாத் தண்ணியில ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாருங்க அண்ணி" என்றேன். மறுநாள் வேலையிடத்தில் பார்த்திருக்கிறார். கதை திரும்பும் இடம் இதுதான் என்று பேனாவோடு காத்திருந்தேன்.

"அம்மாடி, கும்பலா நீந்துது!"

"அப்புறம்?"

"டப்பாவ மாத்திட்டேன்."

"லென்ஸ்?"

"அது என்ன பாவம் பண்ணுச்சு?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு.

4

முடிவு ஒன்று: அண்ணி மூன்று மாதமும் கண்ணாடி போடுகிறார். படித்துவிட்டு அவரே சிரித்தார். "கதைன்னா கொஞ்சமாவது நம்புற மாதிரி இருக்க வேணாமா?"

முடிவு இரண்டு: ஒரு காலையில் வலது கண் சிவந்து, நீர் வழிய, அவர் சுவரைத் தடவி—

[அடித்துவிட்டேன். இதை என் கையால் எழுத மாட்டேன்.]

5

இதுவரை எழுதியதைக் கொடுத்தேன். தாளை மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"என்னைப் பெரிய பிடிவாதக்காரியாக் காட்டியிருக்கே."

வலது கண்ணை மூடிக்கொண்டுதான் அத்தனையும் படித்தார். மூடியிருப்பது அவருக்கே தெரியவில்லை.

நாளை ஏழு மணிக்கு அவருக்கு வேலை. மேசைமேல் டப்பாவும் இருக்கிறது, கண்ணாடியும் இருக்கிறது. நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆறரை மணிக்குள் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு லென்ஸை மாட்டிவிடுவார்.