கண்ட்ரோல் அக்காவின் இரண்டு சிறுநீரகங்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் எடுத்ததே என் அக்காவைச் சாகடிக்கத்தான். பத்தொன்பது வருடத்துக்கு முன் மாடியிலிருந்து விழுந்து, முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலிக்கு வந்தவள். டாக்சி நிலையத்தில் தொலைபேசி எடுத்து வண்டி அனுப்பும் வேலை. ஓட்டுநர்களுக்கு அவள் 'கண்ட்ரோல் அக்கா'. கடைசியில் அவள் சிறுநீரகம் கெட்டுப்போனால் வாசகர் கண்கலங்குவார், எனக்கு ஒரு பரிசாவது கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

2

முதல் தொடக்கம்: "வானம் அழுதுகொண்டிருந்த அந்த மாலையில், அவளுடைய சிறுநீரகங்கள் மெல்ல..."

(அடித்துவிட்டேன். வானம் அது பாட்டுக்கு இருந்தது.)

இரண்டாவது: "நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவரைப் பக்கத்து மேசைக்கு மாற்றிவிட்டு, சிறுநீரை வடிக்கும் குழாயை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாததால் சிறுநீர்ப்பை நிரம்பியது அவளுக்குத் தெரியாது. தேங்கினால் அது மேலே சிறுநீரகத்தை நெருக்கும்." இது பரவாயில்லை. இருக்கட்டும்.

3

இங்கேதான் கதாபாத்திரம் எனக்கு அடங்கவில்லை. இந்த வருடப் பரிசோதனைக்கு நான் கூடப் போனேன். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு அருமையாக இருக்கிறது, சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை, போய்வரலாம் என்றார் புது மருத்துவர். நான் பையைத் தோளில் மாட்டிவிட்டேன். அக்கா நகரவில்லை.

"அது சதையிலேருந்து வர்ற கழிவு டாக்டர். என் கால்ல சதையே இல்ல. சிறுநீரகம் பாதி படுத்துட்டாலும் அந்த நம்பர் எனக்கு நல்லாத்தான் வரும். சதையை நம்பாத டெஸ்ட் ஒண்ணு இருக்கே, சிஸ்டாட்டின், அதையும் ஸ்கேனையும் எழுதுங்க."

மருத்துவர் திரையைப் பார்த்தார், அவள் கால்களைப் பார்த்தார், எழுதிக் கொடுத்தார்.

[எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் கூடவே இருந்தும் இது எனக்குத் தெரியாது.]

4

சிஸ்டாட்டின் கூடியிருந்தது. ஸ்கேனில் வலது சிறுநீரகம் வீங்கத் தொடங்கியிருந்தது. சோக முடிவுக்குத் தோதான இடம். "அவள் ஜன்னலை வெறித்தபடி..." என்று பாவி நான் எழுதியும்விட்டேன்.

அவள் எங்கே வெறித்தாள்? சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளந்து, அதைத் தளர்த்த மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மணி நேரத்தை மூன்றாக்கிக்கொண்டாள். முதலாளி முகம் சுளித்தார். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் விடுப்பா, இல்லை தினம் பத்து நிமிடம் கூடுதலா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர் பத்து நிமிடம் என்றார்.

ஆறு மாதத்தில் வீக்கம் வடிந்தது. சிஸ்டாட்டினும் இறங்கியது. அந்த மருத்துவர் இப்போது சக்கர நாற்காலியில் வருகிற எல்லோருக்கும் இரண்டு பரிசோதனையும் எழுதுகிறார். ஜெயித்துவிட்டாள் என் அக்கா! மருத்துவமனை வாசலில் நான்தான் அழுதேன், அவள் டாக்சி பிடித்தாள்.

5

முடிவுகள்:

(அ) சாகிறாள். நீக்கப்பட்டது.

(ஆ) எல்லாம் நலம், சுபம்.

(ஆ)வை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"சுபம்னு போடாதடா," என்றாள். "போட்டுட்டா அடுத்த வருஷம் ஸ்கேனுக்குப் போகத் தோணாது. முடிக்காம விடு."

ஆகவே வாசகரே, என்னிடம் முடிவு இல்லை. பாதியில் விட்ட கதைகள் என் மேசையில் நிறைய உண்டு. பெருமையோடு விடுவது இதுதான் முதல் தடவை.