அட்டையில் போட்ட தேதி

பதினொரு நாள். தேவிப்பிரியா விரல் விட்டு மூன்று முறை எண்ணிவிட்டாள். ஜூலை ஒன்பதாம் தேதி மலர்விழிக்கு நாய்க்கடிக்கு முதல் ஊசி போட்டார்கள். பன்னிரண்டில் இரண்டாவது, பதினாறில் மூன்றாவது போட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் அவள் வரவில்லை. இன்று இருபது.

பாப்பிரெட்டிப்பட்டியில் தேவிப்பிரியா வேலை பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர், அவள் பள்ளிக்கூடம் போன காலத்தது. கரண்டு போய் வந்தால் தேதியை மறந்துவிடும். யாராவது கையால் அடித்துக் கொடுக்க வேண்டும். மாதத்தை முதலில் அடிக்க வேண்டும் என்பது உடன் வேலை பார்க்கும் ஷகிலா அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். ஜூலை ஒன்பதாம் தேதி கரண்டு போய் வந்தபோது அக்கா லீவு. தேவிப்பிரியா எல்லோரும் எழுதுவது போல 09/07 என்று அடித்தாள். கம்ப்யூட்டர் அதைச் செப்டம்பர் ஏழு என்று எடுத்துக்கொண்டது. அதோடு மூன்று நாள் கூட்டி, மலர்விழியின் அட்டையில் ‘அடுத்த ஊசி செப்டம்பர் 10’ என்று அச்சடித்தது. மறுநாள் அக்கா வந்து கம்ப்யூட்டரில் தேதியைச் சரிசெய்தாள். வீட்டுக்குப் போன அட்டையை யாரும் நினைக்கவில்லை. இன்று காலை ஊசிப் பட்டியலைத் திறந்தபோது, செப்டம்பரில் ஒரே ஒரு பெயர் தனியாக நின்றது.

போன் செய்தாள். மலர்விழியின் மாமனார் ராஜாமணி எடுத்தார். "நாயி நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டார். கடித்தது அவர்கள் வீட்டு நாய்தான்.

கடித்த நாய் பத்து நாள் தாண்டியும் உயிரோடு இருந்தால் பயமில்லை. விலங்கியல் படித்தவளுக்கு அது தெரியும். ஆனால் கண்ணால் பார்க்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

ராஜாமணி வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரி பாப்பாவா? ஊசியத் தூக்கிக்கிட்டு வூட்டுக்கே வந்துட்டீங்களா?"

"நாயப் பாக்கணுங்க."

"நாய்க்குமா ஊசி?" உள்ளிருந்து சொம்போடு வந்த மலர்விழி சிரித்தாள். தேவிப்பிரியாவுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தானும் அண்ணாந்து குடித்தாள். வெறிநோய் கண்டவர்களுக்குத் தண்ணீர் இறங்காது; அவள் குடித்து முடிக்கும்வரை தேவிப்பிரியா அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாய் எங்கீங்க?"

"தோட்டத்துல கட்டியிருக்குதுக்கா. மாமாதான் சோறு கொண்டு போறாரு. என்னையக் கண்டா மறுபடி கடிக்குமாம், அந்தப் பக்கமே விடறதில்ல. இருங்க, டீ வெக்கறேன்."

அவள் உள்ளே போனாள்.

"தோட்டத்துக்குப் போலாங்களா?" என்றாள் தேவிப்பிரியா.

"வெயிலு சுடுது பாப்பா. டீயக் குடிச்சுட்டு பஸ்ஸப் பாருங்க." பெரியவர் மண்வெட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை.

தேவிப்பிரியா இதுவரை யாரிடமும் உரக்கப் பேசியதில்லை. இப்போது தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஐயா, அட்டையில இருக்கற தேதி தப்புங்க."

தட்டுவது நின்றது.

"செப்டம்பர் இல்லீங்க. பன்னெண்டாந்தேதியே வந்திருக்கணும். நான்தான் கம்ப்யூட்டர்ல மாத்தி அடிச்சுட்டேன். கம்ப்யூட்டர் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. நாயி நல்லா இருந்தாப் போதுங்க, ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தான் வந்தேன்."

ராஜாமணி மண்வெட்டியைக் கீழே வைக்க இடம் தெரியாதவர் போல மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசங் கழிச்சு வந்தாப் போதும்னு போட்டிருந்துச்சேம்மா. ஆஸ்பத்திரிக்காரங்களே அவசரமில்லேங்கறப்ப, புள்ளைய எதுக்குப் பயமுறுத்தறதுன்னு…"

"என்னத்த மாமா?" டம்ளரோடு மலர்விழி வாசற்படியில் நின்றாள்.

அவர் மருமகளைப் பார்க்கவில்லை. தேவிப்பிரியாவைப் பார்த்துச் சொன்னார்.

"நாயி இல்லம்மா. கடிச்ச நாலாம் நாளே, வாயில நொர தள்ளிச் செத்துப்போச்சு."