ஒரு டம்ளர் அமரோனே

ராம்கி நடவு வயலிலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்த அனுராதா புருஷன் முகத்தைப் பார்த்தாள். செக்கச்செவேலென்று கிடந்தது. கண்ணும் அதே சிவப்பு. கிட்டே போனாள். பழம் புளித்த மாதிரி ஒரு நெடி.

அவ்வளவுதான், அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"குடிச்சிருக்கீங்களா?"

"தலை விண்ணுவிண்ணுங்குது அனு. நெஞ்சு என்னமோ படபடன்னு அடிச்சுக்குது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல."

சத்தியமாம். இந்த மனுஷன் சத்தியத்தைத் தூக்கி உடைப்பில்தான் போட வேண்டும். போன தீபாவளிக்கு மறுநாள் மதகடியில் விழுந்து கிடந்தவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள். தெளிந்ததும் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிமேல் தொட மாட்டேன் என்றான். அவர்கள் இருந்த குத்தாலம் பக்கம் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. பத்திரத்தில் போட்ட கையெழுத்தைக்கூட இல்லை என்று சாதிப்பார்கள். கற்பூரம் அணைத்ததை மீற மாட்டார்கள். ராம்கியோ அதற்கு முன்பே இரண்டு தடவை அணைத்தவன். இரண்டு தடவையும் கையில் கொப்புளம் ஆறுவதற்குள் கடைவாசலில் நின்றவன். மூன்றாம் தடவையும் நம்புவதற்கு அனுராதா என்ன இளிச்சவாயா?

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். யாருக்கும் தெரியாது, மாமியாருக்குக்கூட. குடியை நிறுத்துவதற்கென்று ஒரு மாத்திரை உண்டு. அது உடம்பில் இருக்கும்போது சாராயம் ஒரு வாய் உள்ளே போனாலும் உடம்பு தாங்காது, திருப்பி அடித்துவிடும். டாக்டர் சோதித்துப் பார்த்து, சாப்பிடுகிறவனிடம் விவரம் சொல்லி, அவன் சம்மதத்தோடு கொடுக்க வேண்டிய மருந்து. அவளுக்கு அதெல்லாம் யார் சொன்னார்கள்? கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டான் ஒரு கடைக்காரன். தினமும் காலையில் பொடி செய்து புருஷனின் கஞ்சியில் கலந்தாள். எட்டு மாதமாகக் கலக்கிறாள். ராம்கியும் எட்டு மாதமாகக் குடிக்கவில்லை. ஊரே அவன் வைராக்கியத்தை மெச்சியபோது அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: வைராக்கியமாவது மண்ணாவது, எல்லாம் மாத்திரை செய்கிற வேலை.

இப்போது அந்த மாத்திரைதான் அவன் முகத்தில் ஏறி நிற்கிறது என்று அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

"எங்க குடிச்சீங்க? வயக்காட்டுலயா?" என்று அவள் கேட்டு முடிக்கவில்லை, ராம்கி எழுந்து முற்றத்துக்கு ஓடி வாந்தி எடுத்தான். திரும்பி வரும்போது தூணைப் பிடித்தான். பிடி நழுவி அப்படியே சரிந்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சிவந்த முகம் வெளுக்க ஆரம்பித்தது. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, அவள் ஓடிப்போய் அவனைத் தாங்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு மாமியார் பிரகதாம்பாள் அடுக்களையிலிருந்து வந்தாள்.

"பித்தம்மா அது. காலையிலேர்ந்து வெயில்ல நிக்கிறான் பாரு. அதுக்குத்தான் டானிக் குடுத்தேன். அதையும் வாந்தி எடுத்துட்டானே."

"என்ன டானிக் அத்தை?"

"நம்ம பரணி கம்பெனி டானிக்தான்."

பரணிதரன் அவளுடைய இளைய மகன், ராம்கிக்குத் தம்பி. இத்தாலியில் வெரோனா பக்கத்தில் மூன்று வருஷமாக வேலை. லீவில் வந்து நாலு நாள்தான் ஆகிறது. என்ன கம்பெனி என்று அம்மா போனில் கேட்டபோதெல்லாம், காய்ந்த திராட்சையில் டானிக் செய்கிற கம்பெனி என்று சொல்லி வைத்திருந்தான். வேறு என்ன சொல்வான்? அப்பன் குடித்தே செத்த வீடு, அண்ணன் மதகடியில் விழுந்த வீடு. நான் ஒயின் கம்பெனியில் இருக்கிறேன் என்று அந்த அம்மாளிடம் எந்த வாயால் சொல்வது? வேலையைப் பற்றிச் சொன்னதில் மற்றபடி பொய் இல்லை. அறுத்த திராட்சைக் குலைகளை மச்சில் மூங்கில் தட்டுகளில் பரப்பி, குளிர்காலம் வரைக்கும் நிழலிலேயே உலர்த்துவார்கள். தட்டு தட்டாகப் பார்த்து, பூசணம் பிடித்ததைப் பொறுக்கி எறிவது அவன் வேலை. பழம் சுருங்கி, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய், சத்தெல்லாம் இறுகி நிற்கும்போது பிழிவார்கள். பிரகதாம்பாள் இதைக் கேட்டு, "அப்ப நம்ம திராட்சை அரிஷ்டம்னு சொல்லு" என்றிருந்தாள். அவனும் சிரித்துக்கொண்டே, "அப்படித்தான்னு வச்சுக்கயேன்" என்றிருந்தான்.

வைத்துக்கொண்டாள். அழுக்குத் துணி எடுக்க அவன் பெட்டியைத் திறந்தவள் பாட்டிலைப் பார்த்தாள். நண்பன் ஒருவனோடு ருசி பார்த்துவிட்டுத் தக்கையை அழுத்தி வைத்திருந்தான் பரணி. மூத்தவன் வாடி வதங்கி வந்து உட்கார்ந்ததும் பெற்ற மனசு கேட்கவில்லை. ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். அந்த வீட்டில் மருந்து குடிக்கிற முறை ஒன்று உண்டு: மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு, வாயில் நிறுத்தினால் திட்டு விழும். ராம்கி சின்ன வயசுப் பழக்கத்தில் மூக்கைப் பிடித்தான், மடக்கென்று குடித்தான்.

பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். கறுத்த, கனத்த பாட்டில். அனுராதா தக்கையைப் பிடுங்கி மோந்து பார்த்தாள்.

"அத்தை, இது சாராயம்."

"சும்மா இரு. எம் பையன் கம்பெனி மருந்து அது."

அதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்த பரணிதரன் அண்ணனைப் பார்த்தான், அம்மா கையில் பாட்டிலைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வாடகைக்கு எடுத்திருந்த காரின் சாவியைத் தேடி ஓடினான்.

மயிலாடுதுறைக்குப் போகிற வழியெல்லாம் நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர்கள். பரணி ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. பின் சீட்டில் ராம்கி அம்மா மடியில் தலை வைத்துக் கிடந்தான். அனுராதா அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால் சில்லிட்டுப் போயிருந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அந்தக் குடும்பத்தில் அவள் நிலைமை என்ன என்றும் தெரியும். புருஷன் சாப்பாட்டில் மருந்து வைத்தவள் என்ற பேர் வந்தால் ஏழு ஊருக்கும் அது போதும். டாக்டர் தானே கண்டுபிடித்துவிட மாட்டாரா? வாந்தியில் எல்லாம் வெளியே வந்திருக்காதா? இப்படியெல்லாம் அவள் கணக்குப் போட்டாள். போட்டதற்காகப் பிறகு தன்னையே காறித் துப்பிக்கொண்டாள் என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நஜ்மா ராம்கியின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். முகம் மாறியது. மறுபடியும் பார்த்தார்.

"பிரஷர் இறங்கிக்கிட்டே போகுது. ஹார்ட் அட்டாக்கான்னு பார்க்கணும். இசிஜி எடுங்க. குடிப்பாரா?"

"எட்டு மாசமா தொடல" என்றான் ராம்கி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இன்னிக்குக் குடிச்சிருக்காருங்க" என்று பரணி முன்னால் வந்தான். "அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அது ஒயின், அமரோனேன்னு பேரு. பதினாறு பர்சன்ட் ஆல்கஹால். ஒரு டம்ளர் உள்ள போயிருக்கு. நான்தான் அம்மாகிட்ட டானிக்னு பொய் சொல்லி வச்சிருந்தேன்."

பிரகதாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு டம்ளர் ஒயினுக்கு ஒரு மனுஷன் இப்படி ஆக மாட்டாரே" என்றார் டாக்டர். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா? யோசிச்சுச் சொல்லுங்க. தெரியாம மருந்து குடுக்க முடியாது."

"எதுவும் இல்ல டாக்டர்" என்றான் ராம்கி. "நானாத்தான் விட்டேன். கற்பூரம் அணைச்சு."

அதைச் சொல்லும்போது, அந்த நிலைமையிலும், அவன் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. இசிஜி ஒயர்களோடு நர்ஸ் வந்தாள். ராம்கிக்கு மூச்சு இன்னும் வேகமாக வாங்கியது. இனி ஒரு நிமிஷம் பொறுத்தால் இவன் தனக்கு இல்லை என்று அனுராதாவுக்குத் தோன்றியது.

"சாப்பிடுறார்" என்றாள். "குடியை நிறுத்துற மாத்திரை. தினம் கஞ்சியில நான்தான் கலக்குறேன். இன்னிக்குக் காலையிலயும் கலந்தேன்."

ராம்கி அவளைப் பார்த்தான். டாக்டர் மாத்திரையின் பேரைக் கேட்டார். சொன்னாள்.

"அவருக்குத் தெரியாமலா? இதுல ஆள் செத்துப் போயிருக்காங்க, தெரியுமாம்மா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நர்ஸிடம் வேகமாக ஏதேதோ சொல்லத் தொடங்கினார். ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். அனுராதாவை வெளியே போகச் சொன்னார்கள்.

வராந்தா பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பிரகதாம்பாள் சின்ன மகனையும் பார்க்கவில்லை, மருமகளையும் பார்க்கவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை நீட்டிய கை அது. அனுராதா அவள் பக்கம் நகர்ந்து உட்கார நினைத்தாள், துணிவு வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் வந்து, பிரஷர் ஏறிவிட்டது, இதயத்துக்கு ஒன்றுமில்லை, ராத்திரி மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்றார். அனுராதா உள்ளே போனாள். ராம்கி கண் விழித்துத்தான் படுத்திருந்தான்.

"எப்போலேர்ந்து?"

"தீபாவளிக்கு மறுவாரத்துலேர்ந்து."

"ஒருநாள் விடாமயா?"

"ஒருநாள் விடாம."

"நடுவுல நான் ஒரு தடவை குடிச்சிருந்தாலும் அன்னிக்கே இப்படி ஆகியிருக்கும், இல்ல?"

"ஆமா."

"அப்ப நான் குடிக்கலைன்னு ஊர்ல எவனுக்குத் தெரியாட்டியும் உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஒவ்வொரு நாளும் தெரிஞ்சிருக்கு."

இத்தனை மாதத்தில் இதை அனுராதா யோசிக்கவே இல்லை. மாத்திரை இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரியாத மாத்திரை ஒருத்தனை எப்படிப் பயமுறுத்தும், எப்படிக் கட்டிப்போடும்? கடைவாசலைத் தாண்டி வந்ததெல்லாம் அவன் கால்தான். அவனேதான்.

"பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துல எல்லாரும் கொல்லைப்பக்கம் ஒதுங்குனப்ப நான் பந்தியில சாம்பார் வாளியோட நின்னேனே, அன்னிக்கு உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சிரிச்சே. நீ என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன்னு நெனச்சேன்."

"என்னை மன்னிச்சுடுங்க."

"இன்னிக்கு இது நடக்கலைன்னா நாளைக்கும் போட்டிருப்பே?"

பொய் சொல்லலாம். அவளுக்கு அன்றைக்கு அதற்குத் தெம்பில்லை. "போட்டிருப்பேன்" என்றாள்.

ராம்கி தலையை ஆட்டிக்கொண்டான். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எனக்குத் தினமும் குடிக்கணும்னு தோணும் அனு. சாயந்திரமானா கை நடுங்கும். உன்கிட்ட சொல்லலாம்னு வாய் வரைக்கும் வரும். சொன்னா நம்ப மாட்டே, பயந்துடுவேன்னு முழுங்கிடுவேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், இவ என்னை முழுசா நம்பட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"இனிமே சொல்லுங்க. எங்கிட்டயே சொல்லுங்க."

அவன் அவளுக்கு முதுகு காட்டித் திரும்ப முயன்றான். இரண்டு கையிலும் ஊசி இருந்தது, திரும்ப முடியவில்லை. அவளுக்கு நேராகவே படுத்துக்கொண்டு கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.