இசபெல்லாவின் மூக்குக்காக வாங்கிய மிசின்

தெருவுக்கு நாலு காப்பிக்கடை இருக்கிற தூத்துக்குடியில், காப்பிக்கொட்டை வறுக்க வீட்டுக்கே ஒரு மிசின் வாங்கி வைத்தார் ஜெஸ்டின் என்றால் ஊர் சும்மா இருக்குமா? கப்பலில் சம்பாதித்தது உள்ளே கிடந்து அரிக்கிறது என்றார்கள். இருபத்தைந்து வருஷம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் ரூமில் பிட்டராக இருந்துவிட்டு வந்தவருக்குக் கரையில் பொழுது போகவில்லை என்றார்கள். அத்தனையும் தப்பு. ஜெஸ்டினுக்குக் காப்பியே அவ்வளவாகப் பிடிக்காது. மிசின் வந்தது அவர் பெண்டாட்டி இசபெல்லாவின் மூக்குக்காக.

சும்மா சொல்லக் கூடாது, அது லேசுப்பட்ட மூக்கு இல்லை. தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே எந்த வீட்டில் சாளை மீன், எந்த வீட்டில் ஊளி மீன் என்று சொல்லிவிடும். மார்க்கெட்டில் அவள் வருவதைப் பார்த்தாலே பழைய ஐஸ்மீனை வைத்துக்கொண்டிருப்பவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட மூக்கை மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் அள்ளிக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கியது. வாசம் மட்டும் திரும்பவே இல்லை. பால் அடிப்பிடித்துக் கருகினாலும் தெரியாது. ஒருநாள் அடுப்பில் கேஸ் திறந்து கிடக்க, கையில் தீப்பெட்டியோடு நின்றாள். லீவில் வந்திருந்த ஜெஸ்டின் பாய்ந்து பிடுங்கினார். அன்றோடு அவர் கப்பலுக்குப் போவதை விட்டார்.

அதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது பேத்தி பிறந்தபோதுதான். முத்தையாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் ஷெர்லினுக்குப் பெண் குழந்தை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையை வாங்கி உச்சந்தலையில் மூக்கை வைத்து, என்ன வாசம், என்ன வாசம் என்று சொக்கிப் போனார்கள். இசபெல்லாவும் வாங்கினாள். கண்ணை மூடி மூக்கை வைத்தாள். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள். ஜெஸ்டின் பின்னாலேயே போனார்.

“செவுத்த மோந்து பாத்த மாதிரி இருக்குங்க,” என்றாள். “எம் பேத்தி வாசம் எனக்குத் தெரியாமலே நான் போய்ச் சேந்துருவேன் போல.”

அந்த ஒரு சொல் ஜெஸ்டினைத் தூங்க விடவில்லை. மூக்கு டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம், காப்பி என்று நல்ல காட்டமான வாசங்களாக மோந்து பார்க்கச் சொன்னார். நரம்பு பழகினாலும் பழகும், சில பேருக்கு வரும், சில பேருக்கு வராமலே போகும் என்றார். ஜெஸ்டின் காப்பியைப் பிடித்துக்கொண்டார். காரணம் இருந்தது. ஒருமுறை பிரேசில் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது சமையல்காரன் மேலே பச்சைக்கொட்டையை வறுத்தான். அந்த வாசம் ஐந்து தட்டு இறங்கி, டீசலையும் கிரீஸையும் தாண்டி, எஞ்சின் ரூமுக்குள் வந்து அவரைத் தொட்டது. டீசலையே ஜெயித்த வாசம் இந்தப் பாழும் காய்ச்சலை ஜெயிக்காதா?

முதலில் இரும்புச் சட்டியில் வறுத்துப் பார்த்தார். பாதி கரி, பாதி பச்சை. பிறகுதான் மிசின் யோசனை. பச்சைக்கொட்டை கேட்டு பலசரக்குக் கடை லிங்கராஜ் அண்ணாச்சியிடம் போனார்.

“ஏலே ஜெஸ்டின், பொடிக்கடைல போய் நின்னா ரெண்டு நிமிசத்துல அரைச்சுத் தாரான். ஒனக்கு எதுக்குடே மிசினு?”

“பொடி வீடு வந்து சேருதுக்குள்ள பாதி வாசம் செத்துருது அண்ணாச்சி. எனக்கு உயிரோட வேணும், இசபெல்லாவுக்கு.”

அண்ணாச்சிக்குச் சங்கதி புரிந்துவிட்டது. அதற்குமேல் கிண்டல் இல்லை. போடியில் தெரிந்த வியாபாரியிடம் சொல்லி ஒரு சாக்குப் பச்சைக்கொட்டையை லாரியில் ஏற்றிவிடச் சொன்னார்.

மிசினில் ரெண்டு ஜாதி. ஒன்று சூடான காற்றை ஊதிக் கொட்டையைப் பறக்கவிட்டு வறுப்பது. சின்னது, வேகமானது, விலையும் குறைவு. ஆனால் விசிறி போடுகிற கூச்சலில் வேறு எதுவும் காதில் விழாது. இன்னொன்று உருளை. உள்ளே கொட்டை புரண்டுகொண்டே இருக்கும், நிதானமாக வேகும், பார்க்க ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. காப்பிக்கொட்டை பக்குவம் வந்ததும் வெடிக்கும், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இறக்க வேண்டும் என்று வீடியோவுக்கு வீடியோ சொன்னார்கள். இருபத்தைந்து வருஷம் எஞ்சினைக் காதால் பார்த்தவருக்கு இதற்குமேல் என்ன யோசனை? காதுக்கு வழிவிடுகிற உருளையையே வாங்கினார்.

வந்த அன்றைக்கே மாடியில் வைத்தார். புகை வரும், உமி பறக்கும், வீட்டுக்குள் ஆகாது. இசபெல்லாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். கீழ்வீட்டு அமலோற்பவம் மதினியும் வேடிக்கை பார்க்க ஏறி வந்துவிட்டாள். கால் கிலோ கொட்டை. சாம்பல் பூத்த பச்சை, ஒரு வாசமும் கிடையாது, கூழாங்கல் மாதிரி கிடந்தது. உருளை சுற்ற ஆரம்பித்தது. நாலு நிமிஷத்தில் மஞ்சளாயிற்று. நெல் அவிக்கிற வாசம் வந்தது. பிறகு தவிட்டு நிறம். தோல் உரிந்து பறந்தது. ஒன்பதாவது நிமிஷம், ‘டப்’ என்று ஒரு சத்தம்.

ஜெஸ்டின் விரலை உயர்த்தினார். டப். டப், டப். அப்புறம் படபடவென்று ஒரே வெடி! அடேயப்பா! வீட்டு உயரத்துக்கு நிற்கிற எஞ்சினையெல்லாம் கழற்றி மாட்டிய மனுஷன், கைப்பிடிக் கொட்டைக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எந்த மலையிலோ காய்த்துக் காய்ந்த கொட்டை, உள்ளே இருந்த துளி ஈரத்தை ஆவியாக்கி, தன்னைத்தானே உடைத்துக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்றரையாக உப்பி, அதுவரை எங்கே ஒளித்து வைத்திருந்ததோ அவ்வளவு வாசத்தையும் ஒரே நேரத்தில் வெளியே விட்டது. “கர்த்தரே,” என்றார் ஜெஸ்டின். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அமலோற்பவம் மதினி சிலுவை போட்டுக்கொண்டாள். கொட்டையைச் சுளகில் கொட்டி வீசி ஆறவைத்து, ஒரு கையளவு அள்ளி இசபெல்லாவின் மூக்கருகே நீட்டினார்.

அவள் வெகுநேரம் முயன்றாள். “சத்தம் கேட்டுச்சு. கைல சூடு தெரியுது,” என்றாள். “வேற ஒண்ணும் இல்லீங்க.”

பரவாயில்லை என்று தினமும் வறுத்தார். ஒருநாள் வெளிறலாக, ஒருநாள் கருக்கலாக. மூன்றாவது மாசம் ஒரு காலையில் இசபெல்லா காப்பி டம்ளரைக் கையில் வாங்கி, “ஏங்க, வருதுங்க! நல்லா மணக்கு!” என்றாள். ஜெஸ்டினுக்குக் கால் தரையில் பாவவில்லை. லிங்கராஜ் அண்ணாச்சிக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். ஆனால் பத்து நாள் போனதும் மனசில் ஒரு நெருடல். வெளிறலாக வறுத்தாலும் “நல்லா மணக்கு”. கருக்கினாலும் “நல்லா மணக்கு”. எஞ்சின் ரூமில் ஒரு கேஜ் எப்போதும் ஒரே எண்ணைக் காட்டினால், கேஜ் செத்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் மூடி போட்ட டம்ளரைக் கொண்டுவந்து, அவள் கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகில் மூடியைத் திறந்தார்.

“இன்னைக்கு இன்னும் தூக்கலா இருக்கு,” என்றாள் இசபெல்லா.

டம்ளர் காலி. கண்ணைத் திறந்து பார்த்தவள் முகம் செத்துப்போயிற்று. “மிசின் பக்கத்துல நிக்கும்போது உங்க மூஞ்சியப் பாக்கேன். இல்லேன்னு சொல்ல எனக்கு மனசு வரலீங்க,” என்று அழுதாள். ஜெஸ்டின் டம்ளரைக் கீழே வைத்தார். “இனிமே இல்லேன்னா இல்லேன்னு சொல்லு, இசபெல்லா. பொய் சொன்னா மிசினக் கடல்ல தூக்கிப் போட்டுருவேன்,” என்றார். அதற்கப்புறம் அவள் பொய் சொல்லவில்லை. தினமும் ரெண்டு வேளை மோந்து பார்த்து, தினமும் ரெண்டு வேளை “இல்ல” என்றாள். அதுவும் ஐந்து மாசம். மனுஷர் விட்டாரா? விடவில்லை.

கார்த்திகை மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் கொட்டியதில் மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்த பச்சைக்கொட்டைச் சாக்கு ஓதம் ஏறி நமுத்துப்போனது. மலைக்காரனாக இருந்தால் நிழலில் பரப்பி விசிறியைப் போட்டிருப்பான். ஜெஸ்டின் கடற்கரையில் பிறந்தவர். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: ஈரம் பட்டதை வெயிலில் விரி, பொழுதுக்கு ரெண்டு தடவை கிண்டிவிடு. இசபெல்லா மணப்பாட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். வெயில் எட்டிப் பார்த்த மூன்றாம் நாள் மாடியில் அமலோற்பவம் மதினியின் வலை காலியாகக் கிடந்தது. அதிலேயே கொட்டையை விரித்தார். முந்தின நாள் வரைக்கும் அந்த வலையில் என்ன காய்ந்தது என்று யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? வலை என்றால் காயப்போட, காயப்போட்டார்.

விரித்த ரெண்டாம் நாள் காலை, பஸ்ஸில் வருகிற இசபெல்லாவுக்குப் புதுசாக வறுத்து வைக்கலாம் என்று மிசினைப் போட்டார். ஆறாவது நிமிஷம் ஒரு நாற்றம் கிளம்பியது. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். கொட்டைகளுக்கு நடுவே நெத்திலித் தலைகள் பொன்னிறமாகப் புரண்டுகொண்டிருந்தன. கொட்டை முழுக்கக் கருவாட்டு எண்ணெயைக் குடித்துத் தொலைத்திருக்கிறது! அத்தனை மாசப் பாடும், ஒரு சாக்குக் கொட்டையும் பாழ். சுளகில் கொட்டிவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு மாடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

கீழே கேட் கிரீச்சிட்டது. படியில் இசபெல்லாவின் செருப்புச் சத்தம்.

“காலங்காத்தால யாரு கருவாடு சுடுதது? தெரு வரைக்கும் நாறுது!”

“ஏளா, யாரும் சுடல,” என்று எரிந்து விழுந்தார் ஜெஸ்டின். “இந்தப் பாழாப்போன கொட்டைதான் நெத்திலி வலைல கெடந்து…”

பாதியில் நிறுத்திவிட்டார். படியில் செருப்புச் சத்தமும் நின்றது. கையிலிருந்த பை விழுகிற சத்தம் கேட்டது. ஜெஸ்டின் திரும்பிப் பார்க்கப் பயந்தார். திரும்பினால் போய்விடுமோ என்று பயந்தார்.

“ஏங்க,” என்றது ஒரு சின்னக் குரல். “நான் இப்ப என்ன சொன்னேன்?”

“நாறுதுன்னு சொன்ன.”

ஓடி வந்தாள். சூடு ஆறாத சுளகுக்குள் ரெண்டு கையையும் விட்டு அள்ளி முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். “நாறுதுங்க! ஐயோ மாதாவே, கருவாடு நாறுதுங்க!” என்று சிரித்தாள், அழுதாள், மறுபடி மோந்தாள். காப்பி மணக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். காப்பி கருவாடு நாறுகிறது என்று உலகத்தில் எவள் பொய் சொல்லுவாள்? ஜெஸ்டின் முதல் கொட்டை வெடித்த அன்றைக்கு நின்ற மாதிரியே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

சத்தம் கேட்டு ஓடி வந்த அமலோற்பவம் மதினி, “என் வலைலயா விரிச்சிய? ஒரு வார்த்தை கேக்கப்படாதா?” என்று பதறினாள். இசபெல்லா கருவாட்டுக் கையோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஜெஸ்டின் சுளகைக் குப்பைக்கு எடுத்தார்.

“கொட்டுனியன்னா நடக்கதே வேற!” என்று பிடுங்கினாள் இசபெல்லா. “வண்டிய எடுங்க. முத்தையாபுரம் போவோம்.”

வழியெல்லாம் அவள் மூக்கை நீட்டிக்கொண்டே வந்தாள். சிலது வந்தது, சிலது வரவில்லை. பெட்ரோல் பங்கில் ஒன்றுமில்லை. பூக்கடையில் ஒன்றுமில்லை. மீன்கழிவு தேங்குகிற ஓடைப் பாலத்தில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பறக்கிறார்கள். இசபெல்லா அவர் தோளைத் தட்டி, “மெதுவாப் போங்க,” என்றாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். ஜெஸ்டின் மெதுவாகவே போனார்.

முத்தையாபுரம் நெருங்க நெருங்க அவள் பேச்சு நின்றுபோனது. “கருவாடு வருது, சாக்கடை வருது,” என்றாள் கடைசியில். “பிள்ளை வாசம் வராட்டி என்னங்க செய்ய?”

ஜெஸ்டின் ஷெர்லின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

ஷெர்லின் கதவைத் திறந்து, திடுதிப்பென்று வந்து நிற்கிற அப்பாவையும் அம்மாவையும் பார்த்துத் திகைத்தாள். இசபெல்லா பிள்ளையை வாங்கினாள். கண்ணை மூடி உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். ஜெஸ்டின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் போயிற்று. அவளுடைய நெற்றி சுருங்கியது.

“ஏளா, பிள்ளைக்கு எத்தனை நாளாத் தலைக்கு ஊத்தல?”

“சளி பிடிச்சிருக்குன்னு நாலு நாளா ஊத்தலம்மா,” என்றாள் ஷெர்லின். “ஒனக்கு யாரு சொன்னா?”

இசபெல்லா பதில் சொல்லவில்லை. பிள்ளையின் தலையிலிருந்து மூக்கை எடுத்தால்தானே பேசுவதற்கு.