எல்லோரும் பார்த்த சிறுவாடு

பெண்டாட்டியின் சிறுவாட்டுப் பணம் எவ்வளவு என்று கேட்கிற புருஷனை எங்கள் பக்கத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். அரிசிப் பானைக்குள் கை விட்டுத் துழாவுகிறவன் ஆம்பளையா என்பார்கள். என் அம்மா துவரம்பருப்பு டப்பாவில் ஒளித்து வைத்தாள். நான் போனில் வைத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம் என்று மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் பிரபா. உத்திரமேரூரிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டரில் எங்கள் ஊர். மாமியார், கொழுந்தன் குடும்பம், நாங்கள் என்று ஏழு பேருக்கு ஒரே காலனி வீடு. மழை வந்தால் ஒழுகாத மூலை ஒன்றுதான், ஏழு பேரும் அங்கேதான். என் வீட்டுக்காரர் சின்னராசு நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறார். நான் வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். படத்தில் எது வண்டி, எது மாடு, எது மனுஷன் என்று கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். சம்பளம் ரூபாயில் வராது, டாலர் விலைக்கு நிற்கிற கிரிப்டோ காயினாக வரும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஸ்ரீகாந்த்தான் என் போனில் அதற்கு ஒரு வாலெட் போட்டுக் கொடுத்தான். அவனுக்குக் காயின் அனுப்பினால் ரூபாய் தருவான். இதில் உங்கள் பெயரே வராது அக்கா, வெறும் நம்பர்தான் என்றான். பெயரே வராது என்றது எனக்கு வெல்லமாக இனித்தது.

வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் கொஞ்சம் மாற்றுவேன், மீதி சிறுவாடு. எல்லாம் நாலு சென்ட் நிலத்துக்காகத்தான். ஊரில் பாதி நிலம் முத்துவேல் ஐயாவுடையது. ஏரிக்கரை ரோட்டை ஒட்டி நாலு சென்ட்டை ஐந்து லட்சத்துக்கு எனக்குத் தருவதாக வாய் வார்த்தை பேசியிருந்தார். மூன்று லட்சம் சேர்த்திருக்கிறேன், மீதியைப் புரட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். சின்னராசுவுக்கும் அந்த மூன்றுதான் தெரியும். உண்மையில் எட்டு லட்சத்து நாற்பதாயிரம் இருந்தது. நிலம் போக மிச்சத்தில் ஒழுகாத ஒரு கூரை போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஆடி வந்தது. எல்லையம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பணம் கொடுத்தவர்கள் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். இந்த வருஷம் என் பெயரை வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. சின்னராசு குடும்பத்தார் என்று இல்லை, பிரபா என்று. சிறுவாட்டைத் தொடாமல் அந்த மாதச் சம்பளத்திலிருந்தே காயினை ஸ்ரீகாந்த்துக்கு அனுப்பி, ஐயாயிரத்து ஒன்றைக் கமிட்டியில் நீயே கட்டிவிடு என்றேன். கட்டினான். கட்டினவன் பெயரையே ரசீதில் எழுதி, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள்: ஸ்ரீகாந்த், ஜெராக்ஸ் கடை. அது என் பணம் என்று எழுதினேன். ஆதாரம் போடு என்றார்கள். காலனிப் பெண்ணுக்கு ஐயாயிரமா என்று ஒருத்தர் சிரிக்கிற பொம்மை வேறு போட்டார். எனக்கு வந்ததே கோபம். காயின் அனுப்பினால் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இணையத்தில் ஒரு பக்கம் இருக்கும், அதை யாராலும் அழிக்க முடியாது. அந்த லிங்க்கை அப்படியே குரூப்பில் போட்டு, அனுப்பின நம்பர் என்னுடையது, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன்.

நன்றாகவே பார்த்தார்கள். தவளை தன் வாயால் கெட்ட கதைதான். அந்த நம்பரைத் தொட்டால் அதில் எவ்வளவு இருக்கிறது, மூன்று வருஷமாக எந்த மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எல்லாம் விரிகிறது. எடுக்கத்தான் சாவி வேண்டும், பார்க்க வேண்டாம். பெயரே இல்லாத பெட்டியின் மேல் நானே என் பெயரை எழுதி ஒட்டிவிட்டேன். முதலில் தொட்டுப் பார்த்தவன் முத்துவேல் ஐயாவின் மகன் வினோத்குமார். கம்ப்யூட்டர் படித்துவிட்டு இதே காயினில் விளையாடுகிறவன்.

மைக்கில் என் பெயரை வாசித்தார்கள். கூழுக்கு நின்ற வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அம்மனைக்கூட யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

சின்னராசுவுக்கு டீக்கடையில் வைத்துத் தொகையைச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் சாப்பிட உட்காரவில்லை.

"எனுக்குத் தெரியாம இன்னும் இன்னா இன்னாமே வெச்சிக்கினு கீற?"

சிறுவாடு என்றேன். சிறுவாடு என்றால் ஐநூறு, ஆயிரம் என்றார். திட்டவில்லை, அடிக்கவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. கொழுந்தன் தன் பங்குக்கு டிராக்டர் வாங்க முன்பணம் கேட்டான். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

மறுநாள் முத்துவேல் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். ரோடு அகலமாகப் போகிறதாம், விலை ஏறிவிட்டதாம். நாலு சென்ட் இப்போது எட்டு லட்சத்து நாற்பதாயிரமாம். என்னிடம் இருந்ததைவிட ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த மனுஷன் கூரைக்கு ஒரு செங்கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை.

அன்றே புது வாலெட் ஒன்று போட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். பழையதைத் துடைத்து வைத்தேன். ஒரு வாரம் கழித்து ஐயா வீட்டுக்குப் போய், கொழுந்தன் டிராக்டருக்கு எடுத்துக்கொண்டான், என்னிடம் ஐந்துதான் மிச்சம், பேசின விலைக்கே கொடுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பொய்தான். வேறு என்ன செய்வது?

ஐயா மகனைப் பார்த்தார். அவன் போனை இரண்டு தடவை தேய்த்தான்.

"எங்கியும் போவலப்பா. பழசுலர்ந்து புதுசுக்கு மாத்தி வெச்சிக்கினு கீறாங்க. மொத்தமும் அப்டியே கீது."

புதுப் பெட்டிக்குப் போன வழியும் அதே பக்கத்தில் எழுதியிருக்கும் என்று எந்தச் சனியனும் எனக்குச் சொல்லவில்லை. ஐயா நிதானமாக எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"பொய் பேசறவங்களுக்கு நான் நெலம் குடுக்கறதில்லம்மா."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"உங்க பாஸ்புக்க எங்கூட்டு ஆளுங்க பிரிச்சுப் பாத்தா ஒத்துப்பீங்களா ஐயா?"

"இன்னா பேச்சு பேசற நீ? அது என் வூட்டு விஷயம்."

அந்த மாதமே நாலு சென்ட்டை வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒரு ரைஸ்மில்காரருக்கு எழுதிக் கொடுத்தார். ஐந்து லட்சத்துக்கு. வாங்கினவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.