ஹெச் போட்ட திருப்பதி

கோவர்த்தனன் திருப்பதியை வாங்கிவிட்ட செய்தி முதலில் அவன் மனைவி யமுனாவுக்குத்தான் தெரிந்தது. அவள் அப்போது ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

“எந்தத் திருப்பதி?” என்றாள், கையை எடுக்காமல்.

“ஊரு இல்லம்மா, பேரு. திருப்பதி வி.ஆர். டாட் காம். இன்டர்நெட்ல அந்தப் பேரு இனிமே நம்முது.”

“பேர வாங்கி இன்னா பண்றது?”

“விக்கறது.”

“யாருக்கு?”

“வேணும்ங்கறவனுக்கு.”

“வேணும்ங்கறவன் இத்தினி நாளா வாங்காம இன்னா பண்ணிக்கினு இருந்தான்?”

இந்தக் கேள்விக்கு அவன் அன்றே உட்கார்ந்து விடை தேடியிருக்கலாம். தேடவில்லை. பெண்களுக்குத் தொழில்நுட்பம் புரியாது என்ற பெரிய மனதோடு தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.

அவன் சொந்த ஊர் நகரி. வீட்டில் விசைத்தறி. அதன் சத்தத்திலிருந்து தப்பித்து திருப்பதிக்கு வந்து, ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தான். தமிழில் வருபவனுக்குத் தமிழ், தெலுங்கில் வருபவனுக்குத் தெலுங்கு, தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வருபவனுக்கு இரண்டும். கொரோனா வந்தது, லாட்ஜ் மூடியது. திறந்தபோது அறைகளெல்லாம் செல்போன் ஆப்பில் ஏறிவிட்டன. மேசை இருந்தது, மேசைக்குப் பின்னால் ஆள் வேண்டியிருக்கவில்லை. “வீட்ல இருப்பா, கூப்புடறேன்” என்றார் முதலாளி. கோவர்த்தனனும் மரியாதையாக வீட்டில் இருந்தான். கூப்பிடவில்லை.

அப்படி இருந்த நாட்களில்தான் ஒரு தெலுங்கு வீடியோ கண்ணில் பட்டது. கோட்டு போட்ட ஒருவர், பூமியில் நிலமெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி நிலம் கண்ணாடிக்குள்தான் என்று அடித்துச் சொன்னார். வர்ச்சுவல் ரியாலிட்டி, சுருக்கமாக வி.ஆர். முகமூடி மாதிரி ஒன்றைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் அமெரிக்காவில் சோபாவில் சாய்ந்தபடியே கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம். அதைக் காட்டப்போகிறவனுக்கு இணையத்தில் ஒரு பெயர் வேண்டும். ஒரு பெயர் ஒருவனிடம்தான் இருக்கும். முன்னாடியே வாங்கிப் போட்டவன் கேட்டதுதான் விலை.

கோவர்த்தனன் எதையும் முறையாகச் செய்கிறவன். ஊர்ப்பெயரைத் தட்டினான், கடைசியில் வி.ஆர். சேர்த்தான், தேடினான். ‘கிடைக்கும்’ என்று பச்சை விளக்கு எரிந்தது. அவனால் நம்ப முடியவில்லை. காளஹஸ்தி கிடைக்கும். திருச்சானூர் கிடைக்கும். காணிப்பாக்கம் கிடைக்கும். சித்தூர் கூடக் கிடைக்கும். இந்த உலகமே குறட்டை விட்டுத் தூங்குகிறது, நான் ஒருத்தன்தான் விழித்திருக்கிறேன் என்று நினைத்தான். மனைவியின் சீட்டுப் பணத்தில் எல்லாவற்றையும் வாங்கினான்.

இந்தச் செய்தி மாமனார் வீட்டுக்குப் போனபோது கொஞ்சம் திரிந்துவிட்டது. மாமனார் நாகபூஷணம் சித்தூரில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆந்திரா போலீஸில் வி.ஆர். என்றால் அர்த்தம் வேறு. தப்பு செய்த சப்-இன்ஸ்பெக்டரை ஸ்டேஷனிலிருந்து தூக்கி, போஸ்டிங் எதுவும் கொடுக்காமல் சும்மா உட்கார வைப்பதை ‘வி.ஆர்.ல போட்டாங்க’ என்பார்கள். “உங்க மாப்ள வி.ஆர்.ல இருக்காரு” என்று யாரோ சொன்னதும் அவர் போன் போட்டார்.

“மாப்ள, வி.ஆர்.ல போட்டுட்டாங்களாமே? இன்னா தப்பு பண்ணீங்க?”

“ஐயோ, அது இல்ல மாமா. இது கம்ப்யூட்டர் வி.ஆர்.”

“கம்ப்யூட்டர்லயே போட்டுட்டாங்களா? அப்ப எடுக்கறது கஷ்டம் மாப்ள.”

யமுனாவின் அண்ணன் சிரஞ்சீவிக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. குப்பத்தில் ஒரு கிரானைட் கம்பெனியில் அவன் மேனேஜர். கிளார்க் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. “மாப்ளே, உகாதி வரைக்கும் யாரையும் உக்கார வெக்காம வெச்சிருக்கேன். வந்துடு” என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். அந்த நல்ல மனதுதான் கோவர்த்தனனால் தாங்க முடியாத சரக்கு. போன தையில் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் பரிமாறும் நேரம் பார்த்து, “அடுத்த வருஷம் நான் உனக்கு வேலை போட்டுத் தரேன் மச்சான்” என்று சிரஞ்சீவியிடம் கோவர்த்தனனே அறிவித்திருந்தான். பக்கத்து இலைக்காரர்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு உரக்க. இப்போது அந்த மச்சானுக்குக் கீழே உட்கார்ந்து கல்லுக்கு பில் போடுவதா?

“உகாதிக்குள்ள ஒரு பேரு, ஒண்ணே ஒண்ணு வித்துட்டா, நான் குப்பம் போக மாட்டேன்” என்றான் யமுனாவிடம்.

“சரி. வித்தா எங்கண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன். விக்கலன்னா?”

“பெட்டியக் கட்டறேன்.”

பேச்சு முடிந்தது. கோவர்த்தனன் கடிதம் எழுத ஆரம்பித்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று நகரி பள்ளிக்கூடத்தில் கற்ற ஒழுங்கு மாறாமல், ஓட்டல்காரர்களுக்கும் பயண கம்பெனிகளுக்கும் ஆங்கிலத்தில் ஈமெயில் போட்டான். லாட்ஜ் பழக்கத்தில் ‘தங்கள் மேலான வருகையை எதிர்நோக்கும்’ என்று முடித்தான். ஒரே ஒரு ஓட்டலிலிருந்து பதில் வந்தது. அந்தத் தேதிகளில் அறை காலி இல்லையாம்.

மாசி முடியும்போது ஒரு போன். ஹைதராபாத்காரர். கண்ணாடிக்குள் கோயில் காட்டும் கம்பெனி தொடங்கப்போகிறாராம், ஏதோ பயண கம்பெனியில் இவன் நம்பர் கிடைத்ததாம். “திருப்பதி வி.ஆர். உங்கள்ட்டதான் இருக்கா?” என்று தெலுங்கில் கேட்டார். இருக்கிறது என்றான். தரிசனத்துக்கு வருகிறேன், நேரில் பேசுவோம் என்றார்.

யமுனா சட்டைக்கு இரண்டு தரம் இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தாள். ரயில் நிலையத்தைப் பார்த்த ஓர் ஓட்டலின் கீழ்த்தளத்தில் சந்திப்பு. ஹைதராபாத்காரர் புதிதாக மொட்டை போட்டு, தலை நிறைய சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தார். காபி வரவழைத்தார். தான் கொண்டு வந்த கண்ணாடியைக் கோவர்த்தனன் முகத்தில் மாட்டினார். உள்ளே கடல். மீன் ஒன்று மூக்கருகே வந்தது. அவன் “அய்யோ” என்று பின்வாங்கியதில் காபித் தட்டு கவிழ்ந்தது. உண்மையான காபி, உண்மையான வேட்டி. நல்ல வேளை, வேட்டி அவனுடையது.

துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபின் அவர் மடிக்கணினியில் பெயரைத் தட்டினார். டெல்லியில் யாரோ ஒருவருடைய பக்கம் வந்தது.

“இது வேற எவனோ வெச்சிருக்கானே, பாபு.”

“இல்லீங்க சார், என்னுதுதான். குடுங்க, நான் அடிக்கறேன்.”

கோவர்த்தனன் நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான்: thirupathivr.com.

அவர் கிட்டே வந்து பார்த்தார். சற்றுத் தள்ளிப் போய்ப் பார்த்தார். பிறகு டி-க்குப் பக்கத்தில் இருந்த எழுத்தை விரலால் தொட்டு, “ஈ ஹெச் எக்கட நுஞ்சி ஒச்சிந்தி?” என்றார்.

ஹெச் எங்கிருந்து வந்தது? நகரியிலிருந்து வந்தது. தமிழ் மீடியத்தில் ஆங்கிலம் எடுத்த பச்சையம்மாள் டீச்சரிடமிருந்து வந்தது. ‘த’ வந்தால் டி-யோடு ஹெச் வரணும், வரலன்னா அது ‘ட’ என்று பிரம்பைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தது.

“ஹெச் போடலன்னா ‘டிருப்படி’ன்னு படிச்சிடுவாங்க சார்” என்றான் தெலுங்கில், முழு நம்பிக்கையோடு.

அவர் நாற்காலியைத் திருப்பினார். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். எதிரே ரயில் நிலையத்தின் பெரிய பலகை. ஆங்கிலத்தில் திருப்பதி. தேடினாலும் ஒரு ஹெச் இல்லை. “அங்க யாராவது டிருப்படின்னு படிச்சிக்கிட்டு இறங்கறாங்களா?” என்று கேட்டார்.

அந்தப் பலகைக்கு எதிரில்தான் கோவர்த்தனன் அத்தனை வருஷம் உட்கார்ந்து சம்பளம் வாங்கினான். வழி கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் அடையாளம் சொன்னான். படித்துப் பார்த்ததில்லை.

பெயர் வாங்க வந்தவர் ஒரு லட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பஸ் ஏறாமல் நடந்தே வந்தான். வழியெல்லாம் மற்ற பெயர்களை மனசுக்குள் எழுத்துக்கூட்டினான். காளஹஸ்தியில் ‘தி’க்கு ஒரு ஹெச். திருச்சானூரிலும் ‘தி’க்கு ஒரு ஹெச். சித்தூரில் ‘த்’துக்கு ஒன்று, ‘தூ’வுக்கு ஒன்று என்று இரட்டை ஹெச். பச்சை விளக்கு எரிந்தது ஏன் என்று இப்போது தெரிந்தது. உலகம் தூங்கவில்லை. ஸ்பெல்லிங் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டில் லட்டை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவளும் அதே நகரியில், அதே பச்சையம்மாள் டீச்சரிடம் படித்தவள்.

“ஹெச் போடாம எப்டிங்க எழுதுவாங்க?” என்றாள் நிஜமான கவலையோடு. “டிருப்படின்னு ஆயிடாதா?”

அன்றைக்கு அவள்மேல் வந்த பிரியம் அவனுக்கே புதிது. ஆனால் பிரியத்தைக் காட்டி உகாதியைத் தள்ளிப்போட முடியாதே. சிரஞ்சீவி போனில், “சேரத் தொடச்சி வெச்சிருக்கேன் மாப்ளே, ஃபேனுக்கு நேராவே போட்டிருக்கேன்” என்றான். கோவர்த்தனன் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான்.

பெட்டியில் இரண்டாவது சட்டையை வைக்கும்போது போன் அடித்தது. தமிழ்க் குரல்.

“சார், திருப்பதி வி.ஆர். வெச்சிக்கினு இருக்கறது நீங்கதானா? ஹெச் போட்டது?”

மொட்டைத் தலைக்காரர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார் என்று கோவர்த்தனன் முடிவு கட்டினான். “ஆமாப்பா, ரெண்டு ஹெச். சிரிக்கறதா இருந்தா சிரிச்சிட்டு வெச்சிடு.”

“சிரிக்க இன்னா சார் இருக்குது? எனக்கு அந்த ரெண்டு ஹெச்சும்தான் சார் வேணும்.”

அந்த ஆள் வடமாலபேட்டைக்காரர். சென்னை ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை, வாசலில் இரண்டு வேன். கோவர்த்தனன் போய் இறங்கியபோது ஒரு வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கிரீஸ் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு கும்பிட்டார். திருத்தணி, அரக்கோணம், வேலூர் பக்கத்து ஜனங்களைத் திருப்பதிக்கு ஏற்றிப் போய்க் கொண்டுவருவதுதான் அவர் தொழில்.

கோவர்த்தனன் பழக்க தோஷத்தில் ஆரம்பித்துவிட்டான். “இது எதிர்காலம் சார். கண்ணுல மாட்டிக்கினா போதும், இருந்த எடத்துலயே கோயில்...”

“இருந்த எடத்துலயே பாத்துட்டா என் வேன்ல எவன் சார் ஏறுவான்?”

“அப்ப வி.ஆர். எதுக்கு?”

அவர் வேனின் நெற்றியைக் காட்டினார். சாமந்தி மாலைக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் ‘வி.ஆர். டிராவல்ஸ்’.

“வடமாலபேட்டை ரமணா. நான்தான் சார் வி.ஆர்.”

கோவர்த்தனன் வேனின் நெற்றியை இன்னொரு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தான். ரமணா விளக்கினார். அவருடைய ஆட்கள் எல்லாரும் தமிழ் ஜனங்கள். செல்லில் திருப்பதி என்று தேடினால் ஹெச் போட்டுத்தான் தேடுவார்கள். வெப்சைட் போட்டுக் கொடுப்பவர், அந்தப் பெயரை எவனோ ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறான் என்று சொல்லி, அவன் போன் நம்பரையும் தேடிக் கொடுத்தாராம். “எவன் சார் அவ்ளோ அறிவாளின்னு நெனச்சேன்” என்றார் ரமணா. அதில் கிண்டல் எதுவும் இல்லாததுதான் கோவர்த்தனனைக் குத்தியது.

விலைக்கு வந்தார்கள். ஹைதராபாத்காரருக்காகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த தொகையைக் கோவர்த்தனன் இங்கே சொன்னான். ரமணா கோபப்படவில்லை. “அந்தத் துட்டுக்கு மூணாவது வேனே எடுத்துடுவேனே சார்” என்றார். நீங்கள் வாங்கின விலையைத் தருகிறேன், மத்தியானம் சாப்பாடு போடுகிறேன் என்றார். கோவர்த்தனன் யோசிப்பது போல் மோட்டுத் தகரத்தைப் பார்த்தான்.

அந்த நேரம் மேசைமேல் இருந்த போன் அடித்தது. ரமணா கிரீஸ் கையைப் பார்த்தார். கோவர்த்தனனின் கை தானாகப் போனது.

“வணக்கம், சொல்லுங்கம்மா... எத்தினி பேரு?... வயசானவங்க இருக்காங்களா, அப்ப கீழ் ரூமே பாத்துடலாம்... சுடுதண்ணி காலைல மட்டும்தான், முன்னாடியே சொல்லிடறேன்...” இன்னொரு போனை எடுத்துத் தெரிந்த லாட்ஜில் தெலுங்கில் அறை பேசினான். திரும்பி அந்த அம்மாவிடம் தமிழில் வேன் பேசினான். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ரமணா கிரீஸ் கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

“சார், பேரு மட்டும்தான் விக்கறீங்களா?” என்றார்.

சாயங்காலம் யமுனா வாசலிலேயே மறித்தாள். பெட்டி நடுவீட்டில் திறந்து கிடந்தது.

“வித்துதா?”

“வித்துச்சி.”

“லாபம்?”

“வாங்கின வெலைக்கே. கூட ஒரு மீன் சாப்பாடு. அப்புறம், நானும் சேத்தி போயிட்டேன். திங்கக்கெழமைலருந்து வேன் ஆபீஸ்ல வேலை.”

அவள் நீதிபதி மாதிரி சிறிது நேரம் யோசித்தாள். “லாபத்தப் பத்திப் பேச்சே இல்லியே. வித்தா போதும்னுதான பேச்சு” என்றாள். பெட்டியை மூடி அவன் கையிலேயே கொடுத்தாள், பரணில் வைக்கச் சொல்லி.

மீதிப் பெயர்களைப் புதுப்பிக்கக் கெடு நெருங்குகிறது என்று ஈமெயில் வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தான். காணிப்பாக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வதாக இருந்தான். ரமணா அந்தப் பக்கமும் வேன் விடப்போவதாகச் சொல்லியிருக்கிறார், அந்தப் பெயரில் கா-வுக்கும் பா-வுக்கும் வேறு தமிழ் ஜனங்கள் தேடுகிற மாதிரியே இரண்டிரண்டு ‘ஏ’ போட்டிருக்கிறான். திருந்திய மனுஷன்தான். ஆனால் முழுசாக இல்லை.

யமுனா சொன்னபடியே அண்ணனைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணா, அவரு வரல. அந்த சேர்ல வேற யாரையாச்சும் உக்கார வெச்சிக்கோ. இவருக்கு வி.ஆர்.லயே வேலை கெடச்சிடுச்சி.”

அந்தப் பக்கம் ஏதோ தடபுடல். அப்பா அன்றைக்குக் குப்பத்தில்தான் இருந்தார் போலும். போன் அவர் கைக்கு மாறிவிட்டது.

“மறுபடியும் வி.ஆரா?” என்றார் நாகபூஷணம் பதறிப்போய்.

கோவர்த்தனன் பரணுக்கு ஏறிய ஸ்டூலில் பெட்டியோடு நின்றபடியே குனிந்து, போன் பக்கம் வாயைக் கொண்டு போனான்.

“ஆமாம் மாமா. ஆனா இந்தத் தடவ போஸ்டிங்கோட.”