கவிழ்த்து வைத்த குவளை

ராணுவம் எங்கள் ஊரில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது. பனங்காட்டுக்குள் ஒளிந்திருந்த நாங்கள் புகை அடங்கிய பிறகு திரும்பினோம். முப்பது வீடு சாம்பல். எரியாமல் நின்ற நாலு வீட்டிலும் மனுஷன் செய்கிற காரியமா செய்திருந்தார்கள்? என் வீட்டு அரிசிப் பானைக்குள் மலம் கழித்து, மூடியும் போட்டு வைத்திருந்தார்கள். திறந்தவன் நான்தான். அன்றைக்கெல்லாம் துப்பித் துப்பி மாளவில்லை.

கண்ணிவெடி வைத்திருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததில்லை. வாசற்படி, கிணற்றடி, விறகுக் கட்டு என்று ஒவ்வொன்றையும் நீளமான மூங்கில் கழியால் குத்திப் பார்த்துத்தான் கிட்டேயே போனோம். ஊர் முகப்பில் இருந்த தண்ணீர்ப் பானையை மட்டும் குத்திப் பார்க்கவில்லை.

வழிப்போக்கர்களுக்காகப் புளியமரத்தடியில் வைத்த பானை அது. செத்துப்போன தன் அம்மாவுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று என் மனைவி மா யின் தினமும் அதை நிரப்புவாள். ஊரே நாசமாகிக் கிடக்க, அந்தப் பானை கீறல்கூட இல்லாமல் நின்றது. தூசி விழாதபடி குவளை மூடிமேல் கவிழ்த்து வைத்திருந்தது.

"பாத்தியா கோ தின், இத மட்டும் தொடல," என்றார் என்னிடம், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஊ ஞோ. "எப்பேர்ப்பட்ட நாயா இருந்தாலும் தண்ணிப் பானைக்குப் பயப்படுவான். அடுத்த பிறவின்னு ஒண்ணு இருக்குல்ல."

"குடிச்சிட்டு குவளையக் கவுத்தும் வெச்சிருக்கான்," என்றாள் மா யின். "எவனோ நல்ல தாய் வயித்துல பொறந்தவன். இருங்க, மொதல்ல இத ரொப்பிட்டு வந்துடறேன்."

நானும் மடையன் மாதிரி தலையாட்டினேன். கழி என் கையில்தான் இருந்தது.

குடிக்கிறவன் பானைக்கு முன்னால் நின்று குடிப்பான். நிரப்புகிறவள்தான் குடத்தோடு பின்பக்கம் போய், அங்கே கிடக்கும் தட்டைக் கல்லில் ஏறி ஊற்றுவாள். வெடி அந்தக் கல்லுக்கு அடியில் இருந்தது.

மா யின்னுக்கு இடது கால் முழங்காலோடு போயிற்று. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதும் வெடி வைத்தவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அரிசிப் பானையில் அசிங்கம் செய்தவனை மிருகம் என்று தள்ளிவிடலாம். இவனை என்ன சொல்வது? தண்ணீர் ஊற்றுகிறவள் எங்கே நிற்பாள் என்று தெரிந்தவன். அவன் ஊரிலும் இப்படி ஒரு பானை இருந்திருக்கும். அம்மா சொல்லிக்கொடுத்த மரியாதையைத் தூண்டிலில் புழுவாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

காட்டுக்குள் மா யின் படுத்திருந்த மருத்துவக் கொட்டகைக்குப் போர்க் குற்றங்களை எழுதிக்கொள்ள ஒரு பெண் நோட்டோடு வந்தாள்.

"அப்போ உங்க கையில ஆயுதம் ஏதாவது இருந்துச்சாக்கா? தப்பா நெனைக்காதீங்க, எல்லாரையும் கேக்கணும்."

"இருந்துச்சு தங்கச்சி. குடம்," என்றாள் மா யின். "தண்ணியோட இருந்துச்சு, அதையும் எழுதிக்க."

அந்தப் பெண் தலை நிமிராமல் எழுதினாள். அவள் போனதும் மா யின் என் பக்கம் திரும்பினாள். "பானை ஒடஞ்சிருக்கும். புதுசு ஒண்ணு வாங்கி வையுங்க."

"அதுக்கு அப்புறமுமா?"

"அவனுக்காகவா வெச்சேன்? எங்கம்மாவுக்கு வெச்சேன்."

வைத்தேன். இப்போது நான்தான் நிரப்புகிறேன். ஆனால் கதை சுற்று வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. நாக்கு வறண்டு வருகிறவர்கள்கூடப் பானையைக் கண்டதும் சாலையின் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போகிறார்கள். அதனால் பகலெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வந்தால் நானே பின்பக்கம் புதிதாகப் போட்ட கல்லில் ஏறி நின்று காட்டி, ஒரு குவளை மொண்டு குடித்தும் காட்டுகிறேன். அதன் பிறகுதான் கிட்டே வருகிறார்கள்.

குடித்துவிட்டு, பழக்க தோஷத்தில், குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நான் அதை நிமிர்த்தி வைத்துவிடுகிறேன். தூசி விழுந்தால் விழட்டும்.